வந்து சேந்தப்ப 5 டிகிரி

டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் இவ்ளோ நீளமான பதிவுக்குக் காரணம்.

"இன்சுலின் எங்க வாங்குதீங்க? வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோறீங்க?"

அம்மாவுக்கு மூணு வாரமா சுகர் ஏறிக்கிட்டே இருந்துச்சு. சாப்பாடு அதேதான். ஊசியும் அதே அளவுதான். பையில இருந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன். டாக்டர் அதை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மெதுவா உருட்டினார். ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார். பால் மாதிரி சீரா கலங்கி வரவேண்டிய மருந்து. ஆனா திரிஞ்ச பால் மாதிரி சின்னச் சின்னக் கட்டியா கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

"இது எங்கயோ உறைஞ்சிருக்கு. தூரப் போட்டுட்டு புதுசு வாங்குங்க."

வெயில்ல கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா அப்பவே ஒத்துக்கிட்டிருப்பேன். நம்ம பக்கத்து வெயில் அப்படி. உறைஞ்சு போச்சாம்! பனவடலிசத்திரத்துல! சித்திரை மாசத்துல!

வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர் பக்கமே அது போனதில்ல. நடுத்தட்டுலதான் இருக்கும். அப்போ எங்க உறைஞ்சுது? வழியில. வேற இடமே கிடையாது.

அந்த வழியைக் கொஞ்சம் சொல்லிடுறேன். எங்க மாவட்டம் 2019 நவம்பர்ல தென்காசின்னு ஆயிடுச்சு. ஆனா பெரிய ஆஸ்பத்திரின்னா எங்க ஊர்க்காரங்க கால் இன்னும் திருநெல்வேலிக்குத்தான் போகுது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அம்மாவைக் காட்டிட்டு, மருந்தை மொத்தமா அங்கயே வாங்கிடுவோம். மெடிக்கல்ல ஒரு சின்னத் தெர்மாகோல் டப்பா, உள்ள ஒரு ஜெல் பேக், மேல பாட்டில், சுத்தி டேப். அதோட வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்ட் வந்து சங்கரன்கோவில் வண்டி பிடிச்சா மானூர், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல், அப்புறம் நம்ம ஊர். வீட்டுக்கு வந்து டப்பாவைப் பிரிச்சா பாட்டில் ஜில்லுன்னு இருக்கும். அம்மா கன்னத்துல வச்சுப் பாத்துட்டு "நல்லாத்தான்யா இருக்கு"ன்னு ஃப்ரிட்ஜ்ல வச்சிருவா.

இத்தனை வருஷமும் எங்க வீட்டுப் பரிசோதனை அவ்வளவுதான்.

நான் செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் தினசரி கையில புழங்குற சாமான். சரி, அந்தத் தெர்மாகோலுக்குள்ள ரெண்டு மணி நேரம் என்னதான் நடக்குதுன்னு பாத்துருவோம்னு இறங்கிட்டேன்.

முதல்ல வாங்கினது மீன் தொட்டிக்கு ஒட்டுற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஒயர் நுனியில ஒரு மூக்கு இருக்கும், அதை உள்ள விட்டா வெளிய நம்பர் தெரியும். அது இந்த நிமிஷத்து நம்பரை மட்டும் காட்டும், அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு சொல்லாது. பஸ்ல நின்னுக்கிட்டே வந்தா அதையே பாத்துக்கிட்டும் வர முடியாது.

அப்புறம்தான் சென்சார். டி.எஸ்.18பி20ன்னு ஒண்ணு ஆன்லைன்ல ரொம்ப மலிவாக் கிடைக்கும். எஃகு குப்பிக்குள்ள அடைச்சு, தண்ணியில முங்கினாலும் ஒண்ணும் ஆகாத மாதிரி வரும். மைனஸ் 10ல இருந்து 85 டிகிரி வரைக்கும் அரை டிகிரிக்குள்ள சரியாச் சொல்லும்னு அதோட தாள்ல போட்டிருக்கு. அதை இ.எஸ்.பி.32 போர்டுல கோத்தா புளூடூத்ல போனுக்கு அனுப்பிரும். சட்டைப்பையில போன், மடியில டப்பா. கேக்கவே நல்லா இருந்துச்சு.

முதல் நாள் ஆன் பண்ணினதும் போன்ல வந்த நம்பர்: மைனஸ் 127.

அண்டார்டிகாவுலகூட அவ்வளவு குளிர் கிடையாது! ஒயர் சரியா ஒட்டலேன்னா போர்டுல ஓடுற நிரல் இப்படித்தான் சொல்லுமாம். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு நடுவுல போடணும், நான் போடல. போட்டதும் வழிக்கு வந்துச்சு.

அடுத்து, போன் பக்கத்துல இல்லேன்னாலும் தகவல் வரட்டும்னு ஒரு சிம் கார்டு மாடியூல் சேத்தேன். பழைய 2ஜி மாடியூல். அதுல போட்ட சிம்மோ 4ஜி மட்டுமே இருக்கிற நெட்வொர்க். ரெண்டு நாள் சிக்னலே இல்லாம உக்காந்திருந்தேன். சிம்மை மாத்தினா சிக்னல் வந்துச்சு, ஆனா கூடவே இன்னொண்ணும் வந்துச்சு: பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 85 டிகிரி! ஐஸுக்குள்ள இருக்கிற சென்சார் 85னு சொன்னா என்ன நினைப்பீங்க? விஷயம் இதுதான். சிம் மாடியூல் செய்தி அனுப்புற அந்த நொடியில ரெண்டு ஆம்பியர் வரைக்கும் கரண்டை இழுக்கும். சின்ன பேட்டரி தாங்காது. மொத்தமும் ஒரு நொடி அணைஞ்சு மறுபடி எந்திரிக்கும். எந்திரிச்ச உடனே, இன்னும் அளந்து முடிக்காத சென்சார் கொடுக்கிற முதல் நம்பர்தான் அந்த 85. அப்படித்தான் அதைச் செஞ்சிருக்காங்க. ஒரு பெரிய கெப்பாசிட்டர் போட்டதும் நின்னுச்சு.

(இதை இவ்வளவு விலாவாரியா எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. சென்சார் சொன்னா அது வேதவாக்குன்னு நினைக்காதீங்க. அதுவும் தடுமாறும். எந்த நம்பர் உளறல், எது நிஜம்னு முதல்ல பழகணும்.)

பழகுறதுக்கு ஒரு லேசான வழி இருக்கு. ஐஸைப் பொடியா உடைச்சு டம்ளர் நிறைய போட்டு, ஐஸ் நனையிற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க. கொஞ்ச நேரம் கலக்கிட்டு மூக்கை அதுக்குள்ள வைங்க. அது 0 டிகிரி. சங்கரன்கோவிலா இருந்தாலும் சுவிட்சர்லாந்தா இருந்தாலும் 0தான். என்னோடது 0.4 காட்டுச்சு. அந்த 0.4ஐக் கழிச்சுக்கிட்டேன்.

சரி, மூக்கை டப்பாவுக்குள்ள எங்க வைக்கிறது?

இதுதான் என்னை ரொம்ப நாள் இழுத்தடிச்சுது. ஜெல் பேக் மேல வச்சா மைனஸ்ல காட்டும். மூடிக்குக் கீழ வச்சா 14. மூடியைத் திறந்தா சடக்குனு 20க்கு ஏறும், மூடினா இறங்கும். ஒரே டப்பா, மூணு கதை! காத்தோட சூடு வேற, பாட்டிலுக்குள்ள இருக்கிற மருந்தோட சூடு வேற. காத்து நொடியில மாறும், மருந்து மெதுவாத்தான் மாறும். நமக்கு வேண்டியது மருந்தோட நிலை. மருந்துக்குள்ள சென்சாரை விடவும் முடியாது.

அதுக்கு வழி ஏற்கனவே இருக்கு. தடுப்பூசி ஃப்ரிட்ஜ்ல சென்சார் நுனியை கிளிசரின் மாதிரி ஒரு திரவம் இருக்கிற குப்பிக்குள்ள வைப்பாங்க. அம்மாவோட பழைய காலி பாட்டில் ஒண்ணை எடுத்து, மெடிக்கல்ல கிளிசரின் வாங்கி ஊத்தி, மூடியில ஓட்டை போட்டு மூக்கை உள்ள இறக்கி, பசை வச்சு அடைச்சேன். அது இப்ப மருந்து பாட்டிலோட ரெட்டைப் பிள்ளை. பக்கத்துல வச்சா இதுக்கு என்ன நடக்குதோ அதுதான் மருந்துக்கும்.

தெர்மாகோல் வழியா புளூடூத் ஒரு தடங்கலும் இல்லாமப் போகும். ஆனா உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டின பைக்குள்ள வச்சா போன் பக்கத்துலயே இருந்தாலும் திணறுச்சு. உலோகம் ரேடியோ அலையை மறிச்சிரும், தண்ணி அதைக் குடிச்சிரும். அதனால போர்டை வெளிய வச்சு மூக்கை மட்டும் உள்ள விட்டேன். வன்னிக்கோனேந்தல் பக்கம் காத்தாடிக் காடு வருதே, அங்க சிம் சிக்னலும் அத்துப்போகும். அதுக்காகக் கருவியிலயே எல்லா நம்பரையும் எழுதி வச்சுக்கிட்டு, சிக்னல் வந்ததும் மொத்தமா அனுப்புற மாதிரி மாத்தினேன். வழியில ஓடுற எந்தச் சென்சாருக்கும் இது கட்டாயம் வேணும். இல்லேன்னா போன்ல சூடு ஏறி இறங்குறதைக் காட்டுற கோடு கரெக்டா ஆபத்தான இடத்துல காலியா இருக்கும்.

இப்ப இந்தக் கருவியோட மருந்து வாங்கப் போன நாளுக்கு வாரேன்.

அதே மெடிக்கல். அதே பையன். "அண்ணாச்சி, வெயில் கடுமையா இருக்கு, நல்லா கட்டியா இருக்கிற பேக்கா பாத்து வைக்கேன்"ன்னு ஃப்ரீசர் அடியில இருந்து கல்லு மாதிரி ஒண்ணை எடுத்து, பாட்டிலை அது மேலயே அமுக்கி, டேப்பைச் சுத்திக் கொடுத்தான். அவ்வளவு அக்கறை. நான் ரெட்டைப் பிள்ளையையும் பக்கத்துல படுக்க வச்சேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தப்ப போன்ல 5 டிகிரி. இன்சுலின் இருக்கவேண்டிய இடம் 2ல இருந்து 8. நட்டநடுவுல வந்து நிக்குது! அம்மா கன்னத்துல வச்சுப் பாத்தா. "நல்லாத்தான்யா இருக்கு."

கோட்டைப் பின்னால தள்ளிப் பாத்தேன்.

பஸ் ஸ்டாண்டுல ஏறும்போதே 1 டிகிரி. மானூர் வாரதுக்குள்ள மைனஸ் 3. தேவர்குளம் தாண்டுற வரைக்கும், முக்கா மணி நேரத்துக்கு மேல, மைனஸ்லயே கிடந்திருக்கு. அப்புறம் பேக் இளக இளக மெதுவா ஏறி, வீட்டு வாசல்ல 5. ஃப்ரீசர்ல இருந்து வார பேக் மைனஸ் 15, 18ல இருக்கும். அதை நேரா ஒட்டி வச்சா வேற என்ன ஆகும்?

அந்த 5 டிகிரியை நான் இன்னமும் மறக்கல. வந்து சேந்தப்ப எல்லாம் சரி. கன்னத்துல வச்சாலும் சரி, தெர்மாமீட்டர் வச்சாலும் சரி. மருந்து மட்டும் சரியில்ல. முந்தின பாட்டிலும் இப்படித்தான் வந்திருக்கும். அம்மா அப்போ மூணு வாரமா ஊசியைக் குத்திக்கிட்டு வலியைத்தான் வாங்கியிருக்கா.

இதை எங்க பக்கத்து சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காகிட்ட காட்டினேன். அவங்க ஆச்சரியமே படல. "தம்பி, எங்களுக்கு முதல் பாடமே இதுதான்"ன்னாங்க. தடுப்பூசி கேரியர்ல ஐஸ் பேக்கை ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே வைக்கமாட்டாங்களாம். வெளிய மேசையில பரப்பி வச்சு, வேர்க்க விட்டு, காதுக்கிட்ட ஆட்டிப் பாப்பாங்களாம். உள்ள தண்ணி சலசலன்னு கேக்கணும். கேட்டா அது 0 டிகிரிக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம்தான் கேரியருக்குள்ள.

அவங்க சொன்ன இன்னொரு விஷயம். குப்பியில ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு சதுரம் இருக்குமே, பாத்திருக்கீங்களா? வி.வி.எம்.னு சொல்லுவாங்க. 1996ல போலியோ சொட்டு மருந்துல முதல்ல வந்தது. சூடு பட பட அந்தச் சதுரம் கருக்கும். வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா அந்தக் குப்பியைப் போடக்கூடாது. அருமையான ஏற்பாடு. ஆனா அது சூட்டை மட்டும்தான் எழுதி வைக்கும். உறைஞ்சதை எழுதாது! ஹெபடைடிஸ் பி, பெண்டாவேலண்ட் மாதிரி ஊசியெல்லாம் உறைஞ்சா வீண். சந்தேகம் வந்தா குப்பியைக் குலுக்கி வச்சு, எவ்வளவு வேகமா அடியில படியுதுன்னு பாத்துக் கண்டுபிடிக்கணும்.

இது ஊர்க் கவலை மட்டும் இல்ல. 2007ல பல நாட்டு ஆய்வுகளைச் சேத்துவச்சு ஒரு தொகுப்பு வந்துச்சு. தடுப்பூசி ஃப்ரிட்ஜ்லயும் போக்குவரத்துலயும் நூத்துக்கு 14ல இருந்து 35 வரைக்கும் உறையிற குளிரைப் பாத்திருக்குன்னு அதுல இருக்கு. சூட்டுக்குப் பயந்து பயந்து உலகமே மருந்தை உறையவிட்டிருக்கு. நம்ம மெடிக்கல் பையன் தனியா ஒண்ணும் தப்புப் பண்ணிடல.

அந்த சுகாதார நிலையத்துலயே இதுக்கு ஒரு நல்ல பதிலும் இருக்கு. ஐ.எல்.ஆர்.ங்கிற தடுப்பூசி ஃப்ரிட்ஜ்ல இருந்து ஒரு ஒயர் வெளிய வரும், சுவத்துல சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இவின் திட்டம். 2015ல ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட (யு.என்.டி.பி.) சேந்து மத்திய சுகாதாரத்துறை ஆரம்பிச்சது. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா சூட்டைக் குறிச்சுக்கிட்டு, மணிக்கு ஒருக்கா சர்வருக்கு அனுப்பும். எல்லை மீறினா பொறுப்பானவங்க போனுக்கு எஸ்.எம்.எஸ். போயிரும். 2021 ஜனவரி 16ல கொரோனா ஊசி ஆரம்பிச்சாங்களே, அதுக்கப்புறம் நாம எல்லாரும் பதிவு பண்ணினோமே கோவின், அது இந்த இவின் மேல எழும்பினதுதான். நம்ம நாட்டுல, ஒரு கிராமத்து நிலையத்துல, இது ஓடுதுங்கிறதைப் பாத்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் கடையில உக்காந்து முட்டி மோதினதை அரசாங்கம் நாடு முழுக்கச் செஞ்சு வச்சிருக்கு!

அந்தப் பெட்டி எப்ப கத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கிற அளவைக் கேட்டா இன்னும் நல்லா புரியும். 8 டிகிரிக்கு மேல தொடர்ந்து 10 மணி நேரம் போனா அலாரம். மைனஸ் 0.5க்குக் கீழ 1 மணி நேரம் போனாலே அலாரம். சூட்டுக்குப் பத்து மணி நேரப் பொறுமை, குளிருக்கு ஒரு மணி நேரம்தான். எது பெரிய எதிரின்னு அதுலயே இருக்கு.

ஆனா அது சுவத்துல இருக்கிற பெட்டி. ஃப்ரிட்ஜை விட்டு மருந்து கிளம்பிட்டா? அதுக்கும் ஆள் கிளம்பியிருக்காங்க. மணிப்பால்ல பிளாக்ஃப்ராக்னு ஒரு கம்பெனி எம்வோலியோன்னு தோள்ல மாட்டுற ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் செய்யுறாங்க. ரெண்டு லிட்டர் கொள்ளளவு, பேட்டரியில 12 மணி நேரம் ஓடும், ஐஸே வேண்டாம், சூட்டையும் இடத்தையும் சொல்லிக்கிட்டே வரும். இந்த மாதிரி சாமான் ஒவ்வொரு ஊர் மெடிக்கலுக்கும் வரணும்னு எனக்கு ஆசை.

இதுக்கு நடுவுல என் சித்தப்பா பையன் வந்து நின்னான். தூத்துக்குடி பக்கம் ஃப்ரீசர் வண்டி ஓட்டுறான், உறைஞ்ச இறால். மைனஸ் 18ல போய்ச் சேரணும். ஒரு தடவை இறக்குற இடத்துல மைனஸ் 11னு காட்டியிருக்கு. "நீ டீசல் மிச்சம் பிடிக்க மெஷினை அமத்திருக்கே"ன்னு சொல்லி அவன் சம்பளத்துல பிடிச்சுட்டாங்க.

"அண்ணே, அப்படிச் செய்யிறவன் இருக்கான், இல்லேங்கல. நான் சத்தியமா அமத்தல. உன் டப்பா ஒண்ணு எனக்கும் செஞ்சு தா."

அந்த வண்டிப் பெட்டி முழுக்க உலோகம். உள்ள வச்ச போர்டு கேபினுக்கு ஒண்ணுமே பேசல. பேட்டரியும் அந்தக் குளிர்ல பாதியிலயே படுத்துருச்சு. கடைசியில போர்டும் பேட்டரியும் வெளிய, தண்ணி வடியிற ஓட்டை வழியா ரெண்டு மூக்கு மட்டும் உள்ள. ஒண்ணு காத்து வார இடத்துல, இன்னொண்ணு கதவுப் பக்கம் ரெண்டு அட்டைப்பெட்டிக்கு நடுவுல.

கோடு தெளிவாச் சொல்லிருச்சு. மெஷின் ராத்திரி முழுக்க ஓடியிருக்கு. காத்து மைனஸ் 20ல வருது. ஆனா அட்டைப்பெட்டிக்கு நடுவுல ஏத்தின முதல் நிமிஷத்துலயே மைனஸ் 12! சரக்கு ஏறும்போதே இளகித்தான் ஏறியிருக்கு. இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஃப்ரீசர் வண்டி சரக்கைக் குளிர வைக்கிறதுக்குச் செஞ்சது இல்ல, குளிர்ந்த சரக்கை அப்படியே காப்பாத்துறதுக்குச் செஞ்சது. அதுலயும் கூரை வரைக்கும் அடுக்கிட்டா காத்து கதவுப் பக்கம் போய்ச் சேரவே சேராது. டிரைவர் கண்ணாடியில பாக்கிற நம்பர் காத்தோட நம்பர்தான்.

இப்ப அவன் ஏத்தும்போதே மூக்கைச் செருகி, நம்பரைப் போட்டோ எடுத்து, ஏத்துறவங்க முன்னாலயே அனுப்பிடுறான். அதுக்கப்புறம் சம்பளப் பிடித்தம் இல்ல.

இதை முதலாளிமாருக்கு அழுத்தமாச் சொல்ல ஆசைப்படுறேன். சென்சார்னாலே டிரைவரை வேவு பாக்கிறதுன்னு நினைச்சு மாட்டாதீங்க. அது அவனுக்கும் சாட்சி. கோட்டை அவனும் பாக்கணும். பெரிய இடத்துல இதைச் செஞ்சுட்டாங்க. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி 2017ல தன்னோட 2 லட்சத்து 70 ஆயிரம் குளிர் கண்டெய்னர் நிலவரத்தையும் சரக்குக்காரங்களே பாக்கிற மாதிரி திறந்துவிட்டுச்சு. கடல்ல போற பெட்டிக்கு முடியும்போது நம்ம ரோட்டுல போற வண்டிக்கு முடியாதா?

(பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டுல ஃப்ரிட்ஜ் கிடையாது. திறந்த இன்சுலின் பாட்டிலை ஒரு டப்பாவுல போட்டு, ஈர மணல் பரப்பின மண்பானைக்குள்ள வச்சிருக்கா. அளந்து பாத்தேன். வெளிய 37, உள்ள 27. புழக்கத்துல இருக்கிற பாட்டிலை 30 டிகிரிக்குள்ள நாலு வாரம் வரைக்கும் வச்சுக்கலாம்னு நிறைய இன்சுலின் தாள்ல போட்டிருக்கும். உங்க தாளை ஒருக்கா படிச்சுக்கோங்க. பாட்டி பானை பாஸ்.)

போன வாரம் மறுபடி திருநெல்வேலி போனோம். இந்தத் தடவை ஜெல் பேக்கை மெடிக்கல் மேசையில கிடக்கவிட்டு, அமுக்கினா கொழகொழன்னு இளகுற வரைக்கும் உக்காந்திருந்தோம். பையன்கிட்ட பழைய கோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். "இத்தனை பேருக்கு இப்படித்தானே அண்ணாச்சி கட்டிக் கொடுத்திருக்கேன்"ன்னான். இப்ப அந்தக் கடையில பேக்குக்கும் மருந்துக்கும் நடுவுல ஒரு மடிப்பு அட்டை வைக்கிறான்.

அந்த நாளோட கோடு: இறங்கினது 3 டிகிரி வரைக்கும். வீட்டு வாசல்ல 7. அம்மா கன்னத்துல வச்சுப் பாத்துட்டு, "போன தடவை மாதிரி ஜில்லுன்னு இல்லையேய்யா"ன்னா.

"இதுதாம்மா சரி"ன்னேன்.

இன்சுலின் வாங்குறவங்க தயவுசெஞ்சு இதை மட்டும் செய்யுங்க. ஐஸ் பேக்கை எடுத்த உடனே கட்ட விடாதீங்க, இளக விடுங்க. பாட்டில் பேக்கைத் தொடக்கூடாது, நடுவுல ஒரு துண்டோ அட்டையோ இருக்கணும். கலங்குற மருந்துல கட்டி தெரிஞ்சா போடாதீங்க. தெளிவா இருக்கிற மருந்து உறைஞ்சாலும் வெளிய தெரியாமப் போகலாம், அதனால சந்தேகம் வந்தா டாக்டர்கிட்ட காட்டிருங்க.

நம்ம பக்கத்துக்காரங்க யாராவது மருந்து வாங்கப் போறதா இருந்தா கடைக்கு வாங்க. கிளிசரின் பாட்டிலும் டப்பாவும் சும்மாதான் இருக்கு, ஒரு நாளைக்கு இரவல் தாரேன். திரும்பி வந்ததும் கோட்டைச் சேந்து உக்காந்து பாப்போம்.